அமெரிக்காவில் நிர்வாகச் சட்ட நீதிபதி வேலையும் ஊர் மாற்றலும்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பத்துப் பதினைந்து வருடம் வக்கீலாக ஓடியவர்களுக்கு ஒரு கட்டத்தில் நிர்வாகச் சட்ட நீதிபதி வேலைமேல் கண் போகும். நல்ல சம்பளம், மத்திய அரசு ஓய்வூதியம், மனசாட்சிக்கு ஒத்த வேலை. விசாரிக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள். இப்போது ஆள் எடுக்கிறார்களா? எடுத்தால் எந்த ஊரில் போடுவார்கள்?

நோயாலோ காயத்தாலோ வேலை செய்ய முடியாதவர்கள் அரசு உதவித்தொகை கேட்டு வரும் சோஷியல் செக்யூரிட்டி இயலாமை வழக்குகளில் பல வருடமாகக் கட்சிக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். எதிரே இருக்கும் நீதிபதிகள் வருவதையும், ஊர் மாறிப் போவதையும் பார்த்துப் பார்த்து ஒன்று புரிந்தது. அந்த இரண்டு கேள்விகளும் ஒன்றுதான். ஓர் ஊரில் இடம் காலியானால், அங்கே மாற்றல் கேட்டுக் காத்திருக்கும் நீதிபதிகளை முதலில் பார்ப்பது வழக்கம். அவர்களில் ஒருவர் கிளம்பி வந்தால், அவர் விட்டுவந்த ஊரில் ஒரு நாற்காலி காலியாகும். புதியவர் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த நாற்காலிதான். ஆகவே மனு போடும் நாளிலேயே மாற்றலைப் பற்றியும் யோசித்தாக வேண்டும்.

முதல் படி: எந்த நீதிபதி என்று தெளிவாகுங்கள்

1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டத்தில் பிறந்த பதவி இது. முதலில் ‘விசாரணை அதிகாரி’ என்றுதான் அழைத்தார்கள். 1972-இல்தான் நீதிபதி என்ற பெயர் வந்தது. இவர்கள் நீதிமன்றத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஓர் அரசுத் துறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, அந்தத் துறை எடுத்த முடிவு சரிதானா என்று பார்க்கிறவர்கள். அதனால்தான் சட்டம் இவர்களைச் சுற்றி வேலி போட்டிருக்கிறது. துறை இவர்களுக்கு வருடாந்திர மதிப்பீடு எழுதக் கூடாது, போனஸ் தரக் கூடாது. வழக்குகளை முடிந்தவரை சுழற்சி முறையில் ஒதுக்க வேண்டும். தகுந்த காரணம் உண்டு என்று, மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளைப் பார்க்கும் மெரிட் சிஸ்டம்ஸ் புரொடெக்‌ஷன் போர்டு முடிவு செய்யாமல் வேலையை விட்டு எடுக்கக் கூடாது.

குடிவரவு நீதிபதி வேறு; அவர் ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டின் ஊழியர், அங்கே தேர்வு முறையும் பாதுகாப்பும் வேறு. முன்னாள் படைவீரர்களின் மேல்முறையீடுகளைப் பார்ப்பவர்களும், வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையத்தின் நிர்வாக நீதிபதிகளும் இந்த வகையில் வரமாட்டார்கள். அறிவிப்பில் ‘நீதிபதி’ என்று பார்த்ததும் பாயாமல், பணித்தொடர் எண்ணைப் பாருங்கள். 0935 என்றிருந்தால் அது நிர்வாகச் சட்ட நீதிபதி வேலை. 0905 என்றால் வக்கீல் வேலை.

மத்திய அரசில் இந்தப் பதவியில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகத்தில்தான் இருக்கிறார்கள். அதற்கு அடுத்துச் சொல்ல வேண்டியது, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் மேல்முறையீடுகளைக் கேட்கும் அலுவலகம். 2005-இல் சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து பிரிந்து சுகாதாரத் துறைக்குப் போனது இது. கிளீவ்லாந்து, மயாமி, அர்வைன் போன்ற ஊர்களில் கிளைகள் உண்டு. தொழிலாளர் துறையின் நீதிபதிகள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கருநுரையீரல் நோய் வழக்குகள், துறைமுகத் தொழிலாளர் இழப்பீடு எல்லாம் பார்க்கிறார்கள். நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: கிரீன் கார்டுக்குப் போடும் பெர்ம் மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு போகும் இடமும், ஹெச்-1பி சம்பளத் தகராறு விசாரணைக்கு வரும் இடமும் இதே நீதிபதிகளிடம்தான்.

சோஷியல் செக்யூரிட்டியை மனதில் வைத்தே மேலே எழுதுகிறேன். காலியிடமும் அங்கேதான், மாற்றலும் அங்கேதான்.

வேலை எப்படி இருக்கும் என்று ஒரு காட்சி. சின்ன அறை, மூலையில் கொடி, கொஞ்சம் உயரமான மேஜைக்குப் பின்னால் நீதிபதி. ஜூரி கிடையாது. அரசுத் தரப்பில் வக்கீலும் கிடையாது. ஐம்பத்து நான்கு வயதுக் கட்டடத் தொழிலாளி இடுப்புவலி தாங்காமல் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீதிபதி ஸ்பீக்கர் போனில் இருக்கும் வேலைவாய்ப்பு நிபுணரிடம் கேட்கிறார்: “இவர் வயது, படிப்பு, முன்பு செய்த வேலை எல்லாம் கொண்ட ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 பவுண்டுக்கு மேல் தூக்க முடியாது. வேலை நேரத்தில் 15 சதவீதம் கவனம் சிதறும். நாட்டில் இவருக்கு ஏதாவது வேலை உண்டா?” பதில் வரும் அந்த நாலைந்து நொடியில் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால், இந்த நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும். அரசுத் தரப்பு வக்கீல் இல்லாததால், அரசின் பக்கத்தையும் மனுதாரரின் பக்கத்தையும் நீதிபதியே துருவிப் பார்த்து, அவரே தீர்ப்பும் சொல்ல வேண்டும். ஆயிரம் பக்கம் மருத்துவக் கோப்பு சர்வ சாதாரணம்.

இரண்டாம் படி: தகுதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

இணையத்தில் தேடினால் எழுத்துத் தேர்வு, மதிப்பெண், தேர்வுப் பட்டியல் என்று நிறையக் கிடைக்கும். அதில் பெரும்பகுதி பழைய கதை. முன்பு மத்திய அரசின் பணியாளர் அலுவலகம் தேர்வு வைத்து, மதிப்பெண் வரிசையில் பட்டியல் போட்டு, துறைகள் மேலே இருக்கும் மூன்று பேரிலிருந்து ஒருவரை எடுக்கும் முறை இருந்தது. முன்னாள் படைவீரர்களுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. 2018 ஜூன் 21-இல் லூசியா வழக்கில் உச்ச நீதிமன்றம், பத்திரச் சந்தை ஆணையத்தின் நிர்வாகச் சட்ட நீதிபதிகள் அரசமைப்பின்படி ‘அதிகாரிகள்’, அவர்களைத் துறைத் தலைமைதான் நியமிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூலை 10-இல் வந்த ஜனாதிபதியின் 13843-ஆம் எண் ஆணை, இந்த வேலையைப் போட்டித் தேர்வு முறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டது.

இன்று அந்த ஆணை கேட்கும் குறைந்தபட்சத் தகுதி, ஒரு மாநிலத்திலோ, வாஷிங்டன் டி.சி.யிலோ, பியூர்ட்டோ ரிக்கோ போன்ற ஆட்சிப்பகுதியிலோ வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமம். தேர்வாகும் நாளிலும் நியமன நாளிலும் அது உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதைத் துறை தன் அறிவிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய தேர்வில் 7 ஆண்டு வழக்காடிய அனுபவமோ நிர்வாகச் சட்ட அனுபவமோ கேட்டார்கள். அந்த அளவு அனுபவம் இல்லாமல் இன்றும் போட்டியில் நிற்பது கஷ்டம்.

ஊரில் பி.எல். முடித்துவிட்டு வந்து, இங்கே எல்.எல்.எம். படித்து நியூயார்க் பார் எழுதியவர்களும் தயங்க வேண்டாம். உரிமம் உரிமம்தான். ஆனால் இரண்டு விஷயம். கிரீன் கார்டு போதாது, குடியுரிமை வேண்டும். உரிமக் கட்டணம் கட்ட மறந்தோ, வேறு வேலைக்குப் போனதாலோ ‘செயல்படாத’ நிலைக்குப் போயிருந்தால் மனு போடும் முன்பே அதைச் சரிசெய்யுங்கள். பார் கவுன்சில் கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும்.

மூன்றாம் படி: வாய்ப்பு எப்படி இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

“எப்போது எடுப்பார்கள்?” என்று என்னைக் கேட்பதை விட நாலு விஷயத்தைத் தொடர்ந்து பார்த்துவந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

தேங்கிக் கிடக்கும் வழக்குகள்தான் முதல் அளவுகோல். 2007 அக்டோபரில் சோஷியல் செக்யூரிட்டியின் அன்றைய தலைமை நிர்வாகச் சட்ட நீதிபதி, ஒவ்வொரு நீதிபதியும் வருடத்துக்கு 500 முதல் 700 தீர்ப்பு தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அவ்வளவு தேக்கம். 2017-இல் காத்திருந்த வழக்குகள் 11 இலட்சத்தைத் தாண்டின. விசாரணைக்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருந்து, அதற்குள் வீட்டை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் தொகுதி தொகுதியாக நீதிபதிகளை எடுத்தார்கள். பிறகு தேக்கம் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. மனுதாரர்களுக்கு நல்ல செய்தி, வேலை தேடுகிறவர்களுக்குக் கதவு ஒருக்களித்த மாதிரி.

அடுத்தது பணம். சோஷியல் செக்யூரிட்டியின் நிர்வாகச் செலவுக்கு வருடா வருடம் காங்கிரஸ் அனுமதி வேண்டும். நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கும். முழு பட்ஜெட் நிறைவேறாமல் தற்காலிக நீட்டிப்பில் ஓடும் மாதங்களில் பெரிய அளவில் ஆள் எடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2025 ஜனவரி 20-இல் மத்திய அரசு முழுக்க ஆளெடுப்பை நிறுத்தி வைத்தார்கள். பிப்ரவரி இறுதியில் சோஷியல் செக்யூரிட்டி தன் பணியாளர் எண்ணிக்கையைச் சுமார் 57,000-லிருந்து 50,000-க்குக் குறைப்பதாகவும், 10 மண்டலங்களை 4 ஆக்குவதாகவும் அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்தில் காலியிடம் விழுந்தாலும் உடனே நிரப்பமாட்டார்கள்.

மூன்றாவதாக, விசாரணை நடக்கும் விதம். 2020 மார்ச்சுக்குப் பிறகு தொலைபேசி விசாரணை பழகிவிட்டது. 2024 நவம்பரில் அமலுக்கு வந்த விதி தொலைபேசி, ஆன்லைன் வீடியோ இரண்டையும் நேர் விசாரணைக்குச் சமமான வழக்கமான முறைகளாக்கியது. இதன் விளைவு ஆழமானது. ஓர் ஊரில் வழக்கு குவிந்தால் அங்கே நீதிபதியை அனுப்ப வேண்டியதில்லை, வழக்கை நீதிபதி இருக்கும் ஊருக்கு அனுப்பினால் போதும். ஆல்பகர்கி, பால்டிமோர், சிகாகோ, ஃபால்ஸ் சர்ச், செயின்ட் லூயிஸ் ஊர்களில் உள்ள தேசிய விசாரணை மையங்கள் வீடியோ வழியாக இதைத்தான் முன்பிருந்தே செய்துவருகின்றன. குறிப்பிட்ட ஊரில் புதிய நீதிபதி தேவை என்ற வாதம் இனி முன்பளவுக்கு எடுபடாது.

நான்காவது, சட்டப் போராட்டம். நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பை இனி நீதிமன்றத்தில் ஆதரித்து வாதாட மாட்டோம் என்று 2025 பிப்ரவரியில் அரசே சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், தொழிலாளர் உறவு வாரியத்தின் நீதிபதிகளுக்கான அந்தப் பாதுகாப்பு அரசமைப்புக்கு முரணாகவே இருக்க வாய்ப்பு என்றது. பத்திரச் சந்தை ஆணையம் போன்ற சிறிய அமைப்புகள் பக்கம், மோசடிக்கு அந்த ஆணையம் அபராதம் கேட்டால் ஜூரி விசாரணை வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜார்கெசி தீர்ப்புக்குப் பிறகு வேலையே சுருங்கிவிட்டது. அங்கே எதிர்பார்ப்பு வைக்க வேண்டாம். சோஷியல் செக்யூரிட்டி வழக்குகள் உதவித்தொகை கேட்டு வருபவை, அபராதம் போடுபவை அல்ல. ஆகவே ஜார்கெசியின் சூடு அங்கே நேரடியாகப் படாது. ஆனாலும் வாழ்நாள் பாதுகாப்பு என்று நம்பி இருக்கும் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறவர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் கருத்து இது. மனு போடுங்கள், ஆனால் அதை நம்பி அலுவலகத்தை மூடாதீர்கள். நடுவில் ஒரு நல்ல வழி உண்டு. விசாரணை அலுவலகங்களில் நீதிபதிகளுக்காகத் தீர்ப்பு வரைவு எழுதும் வக்கீல் வேலை, 0905 தொடரில் வரும். அங்கே இரண்டு மூன்று வருடம் இருந்தால் இயலாமையைத் தீர்மானிக்கும் ஐந்து படி மதிப்பீட்டு முறையும், மருத்துவச் சான்றை எடைபோடும் விதியும் விரல் நுனிக்கு வந்துவிடும்.

நான்காம் படி: மனு

யு.எஸ்.ஏ.ஜாப்ஸ் தளத்தில் 0935 என்று தேடி அந்தத் தேடலைச் சேமித்து, தினமும் மின்னஞ்சல் வரும்படி வையுங்கள். சில அறிவிப்புகள் சில நாளே திறந்திருக்கும். சிலவற்றில் இத்தனை மனு வந்ததும் மூடிவிடுவோம் என்று போட்டிருப்பார்கள். அறிவிப்பு வந்த பிறகு ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தால் பிந்திவிடும்.

ரெஸ்யூமேயை 2 பக்கத்துக்குள் அடக்கச் சொல்லும் நடைமுறை 2025-இல் வந்தது. நீட்டி எழுதிப் பழகிய நமக்கு இது சிரமம்தான். ‘பல வழக்குகளில் வாதாடினேன்’ என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. எத்தனை விசாரணை, யார் முன்னால், எத்தனை சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தீர்கள், எத்தனை தீர்ப்பு வரைவு எழுதினீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். எழுத்து மாதிரி கேட்டால், நீங்களே முழுதாக எழுதியதைக் கொடுங்கள். கட்சிக்காரரின் பெயர், சோஷியல் செக்யூரிட்டி எண், மருத்துவ விவரம் எல்லாவற்றையும் மறைத்த பிறகு. இன்னொருவரின் நோய் விவரத்தைக் கவனமில்லாமல் வெளியே அனுப்புகிறவர் இந்த வேலைக்கு வரக் கூடாது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார், அது நியாயமும்கூட.

ஐந்தாம் படி: ஊர்ப் பட்டியல்

மனுவில் வேலை பார்க்கத் தயாராக இருக்கும் ஊர்களைக் குறிக்கச் சொல்வார்கள். பெரும்பாலோர் அரை மணிநேரத்தில் முடித்துவிடும் இந்த இடத்தில் நான் ஒரு வாரம் செலவழிக்கச் சொல்வேன்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, வக்கீல் தொழிலில் எனக்கு மூத்தவர். கேட்ட இடத்தில் எல்லா ஊரையும் டிக் செய்தார். அப்பா அம்மா நியூ ஜெர்சி எடிசனில். கிடைத்தது அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊர். நேர் விமானம் கிடையாது. அடுத்த வருடமே மாற்றல் வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர், மூன்றாவது வருடமும் ஞாயிறு இரவு விமான நிலையத்தில் உட்கார்ந்து எனக்குப் போன் செய்தார். “தம்பி, நீ எழுதும்போது ஊர் பேரை மட்டும் பார்த்து எழுதாதே. அந்த ஊரில் அப்பாவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுவலி வந்தா எத்தனை மணிநேரத்தில் போய்ச் சேருவேன்னு பார்த்து எழுது.” அவர் வேலையைக் குறை சொல்லவில்லை. வேலை அவருக்குப் பிடித்திருந்தது. அந்தத் தூரம்தான் அவரைத் தின்றது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து மூன்று பிரிவாகப் பிரியுங்கள். மாற்றலே கிடைக்காவிட்டாலும் பத்து வருடம் இருக்க முடிந்த ஊர்கள் முதல் பிரிவு. குடும்பத்தோடு மூன்று வருடம் சமாளிக்க முடிந்த ஊர்கள் இரண்டாவது. எந்த நிலையிலும் முடியாதவை மூன்றாவது. மூன்றாவது பிரிவில் உள்ள ஒன்றைக்கூட மனுவில் குறிக்காதீர்கள். மறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் குறிப்பது தப்பு. தயார் என்று சொன்ன ஊரைக் கடைசி நேரத்தில் மறுப்பவரைத் திரும்பக் கூப்பிட யாருக்கும் அவசரம் இருக்காது.

எல்லோரும் போக நினைக்கும் ஊர்களில் ஏற்கெனவே மாற்றலுக்கு வரிசை நிற்கும். சான் டியேகோ, சியாட்டில் மாதிரி இடங்களில் புதியவருக்கு நேராக நாற்காலி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆள் தங்காத ஊர்களில்தான் இடம் திரும்பத் திரும்பக் காலியாகும். உங்கள் முதல் பிரிவில் அப்படி ஓர் ஊர் இருந்தால் உங்கள் வாய்ப்பு பல மடங்கு கூடும். துணைவரின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, ஒரு பெரிய விமான நிலையத்துக்கு இரண்டு மணிநேரத்தில் போகும் சாலை இருந்தால் சிறிய ஊரைத் தள்ளிவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தனியாக உட்கார்ந்து டிக் செய்த பட்டியலால் வந்த மனஸ்தாபங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: நேர்காணலும் பின்னணி விசாரணையும்

நேர்காணலில் சட்ட அறிவை விட நிதானத்தைத்தான் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். வக்கீல் இல்லாமல் வந்த மனுதாரர் அழத் தொடங்கினால் என்ன செய்வீர்கள்? ஒரே நாளில் ஆறு விசாரணை, ஐந்தாவதில் புதிதாக 300 பக்கம் வந்து சேர்ந்தால்? ‘கருணை காட்டுவேன்’, ‘கண்டிப்பாக இருப்பேன்’ என்ற பதில்கள் உதவாது. ஒத்திவைப்பேனா, கோப்பைத் திறந்து வைப்பேனா, எத்தனை நாள் தருவேன் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும்.

பின்னணி விசாரணையில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. இந்தப் பதவியில் இருப்பவர்கள் சொத்து விவர அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்கும் வகையில் தாக்கல் செய்ய வேண்டும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் அதுவும் அதில் வரும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதற்குத் தனி அறிக்கை உண்டு. அம்மாவோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கும் கணக்கில் வரும். விட்டுப்போயிருந்தால் மனுவுக்கு முன்பே ஒரு வரிக் கணக்காளரைப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள்.

ஏழாம் படி: நியமனக் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள்

சம்பளம் ஏ.எல். என்ற தனி அட்டவணையில் வரும். பெரும்பாலான நீதிபதிகள் 3-ஆம் நிலை. அதற்குள் ஏ முதல் எஃப் வரை ஆறு படிகள். முதல் மூன்று ஏற்றங்களுக்கு 52 வாரம் வீதமும், கடைசி இரண்டுக்கு 104 வாரம் வீதமும் ஆகும். ஆக மேல் படியைத் தொட ஏழு வருடம். இதில் மேலதிகாரி தயவு எதுவும் வேண்டாம், நாள் நிறைந்தால் படி ஏறும்.

அதன்மேல் ஊருக்கு ஊர் மாறும் ஊர்ப்படி. சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் மிக அதிகம், தனிப் பகுதியாகப் பிரிக்காத ஊர்களில் மிகக் குறைவு. ஆனால் ஊர்ப்படி சேர்ந்த மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது: அரசின் உயர் பதவிகளுக்கான சம்பள அட்டவணையான எக்சிக்யூட்டிவ் ஷெட்யூலின் 3-ஆம் நிலைச் சம்பளம். மூத்த நீதிபதி விலை அதிகமான நகரத்தில் இந்த வரம்பில் முட்டி நிற்பார். பின்னால் மாற்றல் கேட்கும்போது இதை நினைவில் வையுங்கள். சம்பளம் கூடும் என்று நம்பிப் போய், வாடகை மட்டும் கூடிய கதை ஆகிவிடும்.

கடிதத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பணியிடத்தின் சரியான முகவரி, இடம்பெயரும் செலவைத் தருகிறார்களா, எத்தனை காலம் கழித்து மாற்றல் கேட்கலாம். மூன்றாவதை யாரும் முன்வந்து சொல்லமாட்டார்கள்.

எட்டாம் படி: மாற்றல்

சரி, வேலையில் சேர்ந்தாயிற்று. சில வாரப் பயிற்சி, வழிகாட்டும் மூத்த நீதிபதி, மெல்ல மெல்லக் கூடும் வழக்கு எண்ணிக்கை. அந்த முதல் வருடத்தில் மாற்றலைப் பற்றிப் பேச்செடுக்காமல் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் விதிகளை இப்போதே படித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் ஆசிரியர்களுக்கு நடக்கும் மாறுதல் கலந்தாய்வு மாதிரி, காலியிடங்களைத் திரையில் போட்டு வரிசையாகக் கூப்பிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நாள் இங்கே கிடையாது. போக விரும்பும் அலுவலகங்களின் பெயரை எழுத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எத்தனை அலுவலகம் எழுதலாம், புதியவர் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும், பணிமூப்புக்கு எவ்வளவு எடை என்பதெல்லாம் நிர்வாகத்துக்கும் நீதிபதிகள் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இவை மாறும். ஆகவே நண்பர் சொன்ன கணக்கை நம்பாமல், உங்கள் காலத்தில் எந்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது என்று சங்கப் பிரதிநிதியிடம் கேட்டு அந்தப் பிரிவை அச்செடுத்து வையுங்கள்.

தகுதி வந்த முதல் நாளே பதிவு செய்யுங்கள். அனுப்பிய மின்னஞ்சல், வந்த பதில், தேதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். நிர்வாகம் மாறும்போது பட்டியல்கள் கைமாறும், பெயர்கள் விட்டுப்போவதும் உண்டு.

எந்த அலுவலகத்தை எழுதுவது என்பதில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். நீங்கள் போக நினைக்கும் நகரத்தை மட்டும் எழுதாமல், அதிலிருந்து ஒன்றரை மணிநேர ஓட்டத்தில் உள்ள அலுவலகங்களையும் பாருங்கள். நகரத்து அலுவலகத்துக்கு வரிசை நீளம், பக்கத்து ஊருக்கு அவ்வளவு இருக்காது. அங்கே இருப்பவர்களில் ஓய்வை நெருங்கியவர்கள் எத்தனை பேர் என்று மெல்ல விசாரியுங்கள். இந்தப் பதவிக்குக் கட்டாய ஓய்வு வயது கிடையாது, எழுபது தாண்டியும் சிலர் இருப்பார்கள். ஆகவே வயதை வைத்து மட்டும் கணக்குப் போட முடியாது.

குடும்பத்தில் கடுமையான நோய், பராமரிப்பு போன்ற காரணம் இருந்தால் கஷ்ட நிலையைக் காட்டி மாற்றல் கேட்கலாம். இதற்கு மருத்துவரின் கடிதம், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான விளக்கம் எல்லாம் வேண்டும். நம்மவர்கள் வீட்டு விஷயத்தை வெளியே சொல்லத் தயங்கி, ‘சொந்தக் காரணம்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். அந்தக் கூச்சம் இங்கே உதவாது. தினமும் மனுதாரர்களிடம் சான்று கேட்கும் நீங்கள், உங்கள் மனுவையும் அதே கண்ணோடு படித்துப் பாருங்கள். அந்த அக்காவுக்கும் கடைசியில் வழி திறந்தது அப்பாவின் இதய மருத்துவர் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தோடு திரும்ப மனு போட்டபோதுதான்.

விசாரணை அலுவலகத்தின் தலைமை நீதிபதி பதவிக்கு விண்ணப்பிப்பது இன்னொரு பாதை. அந்தப் பதவியை விரும்பிப் போகிறவர்கள் குறைவு. நிர்வாக வேலை பிடிக்கும் என்றால் அதுவும் ஊர் மாறும் வழிதான். ஊருக்காக மட்டும் அந்தப் பதவிக்குப் போனால் அலுவலகம் முழுக்கக் கஷ்டப்படும். ஊரில் ‘மனமொத்த மாறுதல்’ என்று சொல்வது போல இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு ஊரை மாற்றிக்கொள்ள நினைத்தால், நிர்வாகம் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். நடுவில் காத்திருப்பவர்கள் மறுப்புச் சொல்வார்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு முக்கியம். நீங்களாகக் கேட்டு வாங்கும் மாற்றலுக்கு அரசுப் பணத்தில் பயணச் செலவோ சாமான் ஏற்றும் செலவோ தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அரசின் தேவைக்காக மாற்றினால் தருவார்கள், பதிலுக்கு 12 மாதம் பணியில் இருப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். 2018 முதல் அந்தப் பணத்துக்கும் வரி உண்டு. ஓய்வூதியம் கணக்கிடுவது தொடர்ந்து மூன்று வருடம் வாங்கிய மிக உயர்ந்த சராசரிச் சம்பளத்தை வைத்து. அது கடைசி மூன்று வருடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊர்ப்படி அதிகமான நகரத்தில் மூன்று வருடம் முடித்தவர், பிறகு செலவு குறைந்த ஊருக்குப் போனாலும் அந்தச் சராசரி கையை விட்டுப் போகாது.

ஒன்பதாம் படி: துறை மாறுவது, மாநிலத்துக்குப் போவது

சோஷியல் செக்யூரிட்டியில் சேர்ந்து சில வருடம் கழித்து மெடிகேர் அலுவலகத்துக்கோ தொழிலாளர் துறைக்கோ போவது பலர் எடுத்த பாதை. 2018-க்குப் பிறகு ஒவ்வொரு துறையும் தானே நியமிப்பதால், அங்கேயும் தனி மனு, தனி நேர்காணல். ஆனால் நூற்றுக்கணக்கான தீர்ப்பு எழுதிய கை என்பது எடுபடும். ஆள் பற்றாக்குறை உள்ள துறை இன்னொரு துறையின் நீதிபதியைக் கடனாக வாங்கிக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் தவறவிடாதீர்கள், அந்தத் துறையை உள்ளே இருந்து பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஊரை விட்டு நகரவே முடியாது என்கிறவர்கள் மாநில வேலையைப் பாருங்கள். கலிபோர்னியாவின் நிர்வாக விசாரணை அலுவலகம் 1945-இலிருந்து நடக்கிறது. டெக்சாஸில் 1991-இல் உருவான தனி அலுவலகம் உண்டு. கலிபோர்னியாவில் வேலையிழப்பு உதவித்தொகை மேல்முறையீட்டு வாரியம் போன்ற இடங்களும் நிர்வாகச் சட்ட நீதிபதிகளை வைத்திருக்கின்றன. சம்பளம், பாதுகாப்பு எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஆனால் ஊர் உங்கள் கையில் இருக்கும்.

மாற்றல் உத்தரவு வந்த பிறகு

உத்தரவு கையில் வந்ததும் பெட்டி கட்டும் முன் உங்கள் கோப்புகளைப் பாருங்கள். விசாரணை முடிந்து தீர்ப்பு எழுதாமல் இருப்பவை எத்தனை என்று பட்டியல் போடுங்கள். கேட்டவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதுதான் சட்டத்தின் அடிப்படை. நீங்கள் விட்டுவிட்டுப் போனால், இன்னொரு நீதிபதி முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். சில வழக்குகளில் விசாரணையையே மறுபடி வைக்க வேண்டியிருக்கும். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கட்டடத் தொழிலாளி திரும்ப ஒருமுறை வந்து, அதே வலியை அதே வார்த்தைகளில் வேறொருவரிடம் சொல்ல வேண்டும். சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளிக் கேட்க முடிந்தால் கேளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் பட்டியலில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.